சீலா வாடைப் பெரும்போர்

வாழ்க ஜெபரட்ணம்! பண்டத்தரிப்புக்கு மேற்கே, பனைகளும் புகையிலைத் தோட்டங்களும் காவல்புரியும் ஒழுங்கையின் முடிவில் வீற்றிருக்கும் சின்னஞ்சிறு தேவாலயத்தின் சாவிகள் தொங்கும் திறப்புக்கோவையை இடையிலே தரித்த காவலர் வாழ்க! முப்பத்தொரு ஆண்டுகள் தபாற்கந்தோரில் முத்திரை குத்திக் குத்தி உரமேறிய அவரது வலக்கரம் வாழ்க! மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைத் தாங்கியபடியே அதை வீடு முழுவதும் தேடித் திரியும் அந்த விசாலமான நெற்றியும் வாழ்க! கடிக்க வந்த எறும்பையும் ஊதி அனுப்புபவர், 'முடியாது', 'வேண்டாம்' என்னும் சொற்களை இளமையிலேயே எங்கோ தொலைத்துவிட்டவர், அதனாலேயே சபையின் எல்லாக் குழுக்களிலும் உறுப்பினராக இருப்பவர், அவர் நீடூழி வாழ்க! எல்லா மணங்களையும் படைத்து, அவற்றை ஏந்திக்கொள்ள மனிதருக்கு இரண்டே துவாரங்களை அமைத்த ஆண்டவரே, மாசி மாதத்தின் ஆறு நாட்களில் இவ்வடியவர் ஆற்றிய அரும்போரைச் சொல்லப் புகும் எங்கள் எழுதுகோலுக்கு நீரே துணை நில்லும். எழுதும்போது எங்கள் மூக்கையும் காத்தருளும்.

பகைவன் எளியவன் அல்லன். கடல் பெற்று, உப்பு வளர்த்து, வெயில் படைக்கலம் பயிற்றி அனுப்பிய வீரன். பனையோலைப் பையாகிய உமலுக்குள்ளே ஓராண்டு காலம் தவமிருந்து, கதவிடுக்கில் நுழையவும் தோலட்டையில் ஊறவும் தாளுக்குத் தாள் தாவவும் வரம் பெற்றவன். சீலாக் கருவாட்டு வாடை என்பது அவன் பெயர். அவன் முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டையோ, ஊரார் 'பெரிய வேதம்' என்று அழைக்கின்ற, கருந்தோல் போர்த்திய, ஓரம் பொன்முலாம் பூசிய, ஒரு கைக்குழந்தையின் பாரமுள்ள வேதப்புத்தகம். அதன் அறுபத்தாறு ஆகமங்களிலும் அவன் கொடி பறந்தது.

இவன் எப்படி உள்ளே வந்தான் என்பதை முதலிற் சொல்லவேண்டும். வந்தவன் கள்ளனாக வரவில்லை. ஓர் இரக்கத்தின் தோளிலே ஏறித்தான் வந்தான்.

முந்திய ஆண்டு மாசியில் அறுப்பின் பண்டிகை நடந்தது. தோட்டத்தின் முதற்பலனை ஆண்டவருக்குக் கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்ததும் அவற்றை முற்றத்தில் வைத்து ஏலம் போடுவதும் அச்சபையின் வழக்கம். பூசணிக்காய்கள் யானைக்கன்றுகளெனப் படுத்திருந்தன. வாழைக்குலைகள் தோரணமாய்த் தொங்கின. வெங்காயப் பிடிகள் செம்மணிக் குவியல்களாய் ஒளிர்ந்தன. அவற்றின் நடுவே ஓர் ஓலை உமல் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் இராசம்மா. எழுபத்திரண்டு வயது விதவை. ஒருகாலத்தில் அரை ஒழுங்கைக்குப் பயிற்றங்காய் கொடுத்த தோட்டக்காரி. கண்ணொளி மங்கியபின் தோட்டம் பற்றையாகிவிட்டது. வெறுங்கையோடு ஆண்டவரின் சந்நிதிக்குப் போவதா என்று வருந்திய அவர், மாதகலிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் சீலா மீன் வாங்கி, தடவித் தடவிக் கீறி, உப்பிட்டு, கூரைத் தகரத்தில் காயவைத்து, காகங்களைச் சிறகொலி கேட்டே விரட்டிக் கருவாடாக்கிக் கொண்டுவந்தார்.

ஆனால் உப்பைக் கண் அளக்கும். கை அளக்கும்போது சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் இன்னொரு பிடி விழும். இராசம்மாவின் கருவாட்டில் உப்பு இரண்டு முறை விழுகிறது என்ற செய்தி சபையில் ஏற்கனவே பரவியிருந்தது. ஏலம் கூறும் தேவராசா, எக்காளம் போன்ற தொண்டையை உடையவர், உமலை உயர்த்திப் பிடித்து மூன்று முறை கேட்டார். முற்றத்தில் இருந்த நூறு பேரும் வாழைக்குலையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த மௌனத்தின் நடுவே, முன்வரிசை வாங்கில் மடியிலே கைகோத்து இருந்த இராசம்மாவின் முகம் ஒரு பக்கம் சற்றே சாய்ந்ததை ஜெபரட்ணம் கண்டார். வலக்கரம் தானாக எழுந்தது, 'எனக்கு' என்ற குரலும் கூடவே எழுந்தது. உமல் அவருடையதாயிற்று.

இங்கேதான் வீரருக்கு முதற் சோதனை. அவருடைய மனைவி ஜொய்சி, வாடை என்னும் இனத்துக்கே பிறவிப் பகையாளி. நல்ல மீனை வாங்கி, உடனே கழுவி, உடனே சமைத்து, உடனே சட்டியையும் கழுவிவிடுபவள். கருவாட்டைப் படலைக்கு உள்ளே எடுத்ததே இல்லை. ஆகவே ஜெபரட்ணம், யாராவது கருவாட்டுப் பிரியரைக் கண்டால் கொடுத்துவிடலாம் என்று எண்ணி, பீடத்துக்குப் பக்கத்துச் சிற்றறையிலுள்ள அலுமாரிக்குள் உமலைத் தற்காலிகமாக வைத்துப் பூட்டினார். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எங்கள் சபைகளில் எல்லை கிடையாது. பெரிய வேதம் உறங்குவதும் அதே அலுமாரியில்தான். ஆண்டுக்கொரு முறை, அறுப்பின் பண்டிகைக்கே அது வெளியே வரும். மற்ற ஞாயிறுகளுக்குச் சிறிய வேதம் ஒன்று பிரசங்கபீடத்திலேயே கிடக்கும். அதனால் அலுமாரி திறக்கப்படவில்லை. ஜெபரட்ணம் மறந்தும் போனார்.

மறப்பதற்கு முன் இன்னொன்றும் செய்துவிட்டார். அடுத்த ஞாயிறு வாசலில் இராசம்மா அவர் குரலை அடையாளம் கண்டு, கருவாடு எப்படி இருந்தது என்று கேட்டார்.

"அந்த மாதிரி ருசி, அக்கா," என்றார் ஜெபரட்ணம். "ஜொய்சி குழம்பு வைச்சவ. சட்டியை வழிச்சுத் துடைச்சுப்போட்டம்."

அந்தச் சொல் இராசம்மாவின் முகத்தில் ஏற்றிய விளக்கைக் கண்டவர்கள், அந்தப் பொய்யைக் கண்டிக்கச் சற்றுத் தயங்குவார்கள். நாங்களும் தயங்குகிறோம். ஆனாலும் பொய் கருவாட்டைப் போன்றது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு பூட்டிவைத்தாலும் அலுமாரிக்குள் அடங்கி இருக்காது.

மாதங்கள் சென்றன. சிற்றறையில் ஒரு வாடை பிறந்து தவழ்ந்து நடக்கத் தொடங்கியது. கூரைக்குள் எலி செத்துக்கிடக்கிறது என்று சபையார் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வைகாசியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் ஏணி சாத்தி ஓடு பிரித்து எலிவேட்டை நடந்தது. இரண்டு முறையும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், முழு மனத்தூய்மையோடு, ஜெபரட்ணமே.

இந்த ஆண்டு பண்டிகைக்கு முந்திய திங்கட்கிழமை காலை. பெரிய வேதத்தைத் தூசு தட்டி வைக்கவேண்டும் என்று அவர் அலுமாரியைத் திறந்தார். கதவு திறந்த கணத்திலேயே பகைவன் கைகலப்புக்கு வந்தான். வீரர் இரண்டடி பின்வாங்கி, சால்வையால் முகம் மூடி, மீண்டும் முன்னேறி நோக்கினார். மேல்தட்டில் உமலைக் கண்டார். கீழ்த்தட்டில் வேதத்தைக் கண்டார். ஓராண்டு எலியையும் அக்கணமே கண்டுகொண்டார்.

உமலைத் தேவாலயத்துக்குப் பின்னே தென்னையடியில் ஆழக் கிண்டி, உரிய மரியாதையோடு அடக்கம் செய்தார். அது எளிது. புத்தகத்தை என்ன செய்வது? வெறும் புத்தகமா அது! இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், கணவர் சீவரத்தினத்தின் நினைவாக இராசம்மா சபைக்குக் கொடுத்தது. முதல் தாளில் அவர் பெயர் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று அதை வாசலிலிருந்து பீடம் வரை தன் கைகளில் சுமந்துவருவது இராசம்மாவின் உரிமை. சுமக்கத் தொடங்குமுன் அதன் தோலட்டையில் கன்னத்தை வைத்துக் கண்மூடி ஒரு கணம் நிற்பது அவர் வழக்கம். பார்வை மங்கிய இந்த ஆண்டுகளில் அப்புத்தகத்திலிருந்து அவருக்கு மிஞ்சியவை இரண்டே: அதன் பாரமும் அதன் வாசமும். அந்த வாசத்தை ஜெபரட்ணம் பறித்துவிட்டார். அதுமட்டுமா? தான் கீறி உப்பிட்ட மீனின் வாடையை உலகத்தில் வேறு எவர் மூக்கு தவறவிட்டாலும் இராசம்மாவின் மூக்குத் தவறவிடாது. கன்னம் அட்டையில் பட்ட கணமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்: தன் காணிக்கையை எவரும் உண்ணவில்லை, சட்டி வழிக்கப்படவில்லை, அது பூட்டப்பட்டுக் கிடந்தது.

ஞாயிற்றுக்கு ஆறு நாள். வீரர் தும்பைப்பூச் சூடினார். அதாவது வேட்டியை மடித்துக் கட்டினார். புத்தகத்தைப் படுக்கை விரிப்பிற் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்து, ஊர் அறியாமல் வீட்டுக் கொட்டிலுக்குள் கொண்டு சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை முதற் தாக்குதல். ஞாயிற்றின் கதிர்களையே படையாக அழைத்தார். மாசிப் பனி விலகும்வரை காத்திருந்து, கொட்டிலுக்குப் பின்னாலிருந்த கதிரையில் புத்தகத்தை நிமிர்த்திவைத்து, மயில் தோகை விரிப்பதுபோலத் தாள்களை விரித்து, கடும்வெயில் தோலை வாட்டாதபடி வேம்பின் நிழலோரமாகத் திருப்பி, காற்றே வருக, கதிரே வருக என்று மனத்துள் முரசறைந்தார். காற்றும் வந்தது, அது செய்த முதல் வேலை, பகைவனின் புகழை அயலெங்கும் பரப்பியது. மதிலில் ஏழு காகங்கள் வந்திறங்கின. வேலிக்கு அப்பால் குடியிருக்கும் குணலட்சுமியின் சாம்பல்நிறப் பூனை, வேலியின் பொட்டால் நுழைந்து வந்து, வேதப்புத்தகத்தின் முன்னே முன்னங்கால்களை மடித்து அமர்ந்தது. விரட்டினாலும் திரும்பி வந்தது. அந்த ஒழுங்கையிலே அவ்வளவு சிரத்தையோடு வேதத்தின் முன் இருந்த உயிர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காகங்களின் ஆரவாரம் கேட்டு ஜொய்சி அடுக்களையிலிருந்து வந்தாள். அவளுடைய மூக்கு அவளுக்கு முன்னே வந்தது.

"கொட்டிலடியிலை என்னப்பா செத்துக் கிடக்கு?"

"ஒண்டும் சாகேல்லை."

"அப்ப உந்தப் பூனை ஏன் முழந்தாளிலை நிக்குது?"

வீரர்கள் அம்பை எதிர்கொள்வார்கள், ஆனையை எதிர்கொள்வார்கள்; மனைவியின் இத்தகைய கேள்வியை எதிர்கொண்டவர் வரலாற்றில் இல்லை. ஜெபரட்ணம் நடந்தவற்றை ஒன்றும் ஒளிக்காமற் சொன்னார். ஏலத்தைச் சொன்னார், மௌனத்தைச் சொன்னார், அலுமாரியைச் சொன்னார், வாசலில் சொன்ன பொய்யையும் சொன்னார். ஜொய்சி கேட்டுக்கொண்டே நின்றாள். ஓராண்டாக அவளுக்கு விளங்காதிருந்த ஒன்று அப்போதுதான் விளங்கியது. காணும்போதெல்லாம் இராசம்மா அவள் கையைப் பிடித்து, 'உன்ரை கைப்பக்குவம் எண்டால் கைப்பக்குவம் பிள்ளை' என்று சொல்வதும், எதைப் பற்றி என்று தெரியாமல் அவள் சிரித்துவைப்பதும் வழக்கமாயிருந்தது.

"அப்ப அந்த மனுசி வருசம் முழுக்க என்னை மெச்சினது, நான் வைக்காத குழம்புக்கோ?"

"ஓம்."

"கருவாடு ஒளிக்க உங்களுக்கு உலகத்திலை வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

"என்னட்டைத் திறப்பு இருந்த அலுமாரி அது ஒண்டுதான்."

ஜொய்சி சிரிக்கவில்லை. சற்று நேரம் பூனையைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பிற் செருகினாள். ஆகா! மதயானைப் படை பின்னிருந்து வந்து சேர்ந்தாற்போன்ற அந்தத் தலைப்புச் செருகலை என்னென்போம்! பகைவனின் உண்மையான எதிராளி அந்தக் கணத்திலேதான் களத்தில் இறங்கினாள்.

புதன்கிழமை நுணுக்கமான போர். ஈரம் பட்டும் படாமலும் பிழிந்த துணியில் ஒரு சொட்டு வினாகிரி தொட்டு அட்டையை ஜொய்சி துடைத்தாள். உலர்ந்த துணியால் அவர் ஒற்றினார். தாள்களுக்கிடையே வெள்ளைத்தாள்களைச் செருகி வாடையை உறிஞ்சவிட்டு, மணிக்கொருமுறை மாற்றினார்கள். கனடாவிலிருந்து மகன் பிறேம் தொலைபேசியில் வந்து, பழைய புத்தகங்களுக்கு அங்கே அப்படித்தான் செய்கிறார்களென்றும், புத்தகத்தை இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் உறையவைக்குமாறும் ஆலோசனை கூறினான். குளிர்ப்பெட்டியில் அன்று இறாலும் ஒரு துண்டு பாரையும் இருந்தன. மீனிடமிருந்து மீட்ட புத்தகத்தை மீனிடமே அடைக்கலம் அனுப்புவதா என்று ஜொய்சி மறுத்துவிட்டாள். அடுத்து, வறுத்த கோப்பித்தூளைச் சீலைத்துணியில் முடிந்து புத்தகத்தோடு ஒரு துவாயிற் பொதிந்து வைத்தார்கள். மாலையில் அவிழ்த்து மோந்தபோது, கருவாடு ஓடிப்போயிருக்கவில்லை. கோப்பியோடு சம்பந்தம் பேசி முடித்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்று வீட்டில் தேநீர்தான்.

ஆயினும் அறிவுள்ள தளபதி ஒரு தோல்வியில் துவளமாட்டாள். மறைக்கும் மணம் உதவாது, வாடையை உண்டு செரிக்கும் வயிறு வேண்டும் என்று ஜொய்சி கண்டுகொண்டாள். வியாழன் விடியலில் சிரட்டைகளை எரித்துக் கரியாக்கினார்கள். ஜொய்சிக்குத் தாயார் கொடுத்த பழைய இரும்புப் பெட்டியை வெறுமையாக்கிக் கழுவி வெயிலில் உலர்த்தி, அதன் நான்கு மூலைகளிலும் கரி நிறைந்த நான்கு கோப்பைகளையும், நடுவே ஒரு தட்டில் அப்பச்சோடாவையும் காவல் நிறுத்தி, ஒன்றிலும் முட்டாதபடி செங்கல் இரண்டின்மேல் பலகை வைத்து, பெரிய வேதத்தை விரித்து நிறுத்தி மூடினார்கள். அங்கே, இருளுக்குள்ளே, ஓசையின்றி, ஒரு நாளும் மறு நாளும் நடந்த போரை எந்த மனிதக் கண்ணும் காணவில்லை. வெள்ளி மத்தியானம் மூடியைத் திறந்தபோது பகைவனின் நால்வகைப் படையில் மூன்று வகை மாண்டிருந்தது. தாளின் பழைய வாசம், மழைக்குமுன் மண் சொல்லும் வாசம்போல ஒன்று, மெல்லத் தலைகாட்டியது. ஜெபரட்ணத்தின் கண் கலங்கியது. சோடாத்தூள் பட்டதாக அவர் சொல்லிக்கொண்டார்.

அந்த நல்ல நேரத்திலேதான் குணலட்சுமி வேலிக்கு அப்பாலிருந்து வந்தாள். அவள் சைவக் குடும்பத்துப் பெண். மீன் மணம் அறியாத அடுக்களையை ஆள்பவள். தன் பூனை நான்கு நாளாக இந்த வீட்டுப் பக்தியில் மூழ்கியிருப்பதன் காரணத்தை ஜொய்சியிடம் கேட்டறிந்து, மனமுருகி, தன்னால் ஆனதைச் செய்ய வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆதலால் அவள் வீட்டில் சாம்பிராணிச் சட்டி ஏற்கனவே புகைந்துகொண்டிருந்தது. அதை அப்படியே ஏந்தி வந்தாள்.

"தலைமுழுகினாத் தலைமயிருக்குப் பிடிக்கிறமெல்லே அக்கா, அதுபோலத்தான். ஒரு சுத்துக் காட்டினாப் போதும். அண்ணை, புத்தகத்தை இப்பிடிப் பிடியுங்கோ."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் ஜெபரட்ணத்திடம் இல்லை என்பதை முன்பே சொன்னோம். புகையிற் கண்சிவந்து, தணல் உதிராதபடி சட்டிக்குக் கீழே கைபிடித்து, வேலி சுற்றி நடந்துவந்த ஒருத்தியின் அன்பைத் திருப்பி அனுப்புவது ஆகுமா? அவர் பிடித்தார், அவள் காட்டினாள். ஒரு சுற்று மூன்றாயிற்று. புகை மேகமென எழுந்து பெரிய வேதத்தைத் தழுவி ஏறிற்று. முடிவில், நூற்றாண்டாக ஊதுபத்தியும் அறியாத எளிய சபையின் வேதப்புத்தகத்தில் ஒரு தேர்த்திருவிழாவின் வாசனை குடியேறியது. குணலட்சுமி மோந்து பார்த்து, இப்போதுதான் சாமிப் புத்தகம்போல இருக்கிறது என்று மனநிறைவோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனி முழுவதும் வேப்ப நிழலும் காற்றும். மாலை ஐந்து மணிக்கு இறுதிப் பரிசோதனை. சாம்பல்நிறப் பூனை வேலிப்பொட்டால் வந்தது. புத்தகத்தின் அருகே சென்றது. மோந்தது. மீசை ஒரு முறை நடுங்கிற்று. பிறகு அது திரும்பி, வாலை உயர்த்தி, ஒருதரமும் பின்நோக்காமல் தன் வீட்டுக்கு நடந்தது. முழங்குக சங்கம்! அதிர்க முரசம்! ஜெபரட்ணம் வாகை சூடினார். ஜொய்சியோ புத்தகத்தைத் தூய வெள்ளைத்துணியில் சுற்றினாள்.

"என்னண்டாலும் நீங்கள் அவவுக்குச் சொல்லவேணும்," என்றாள்.

"அவவுக்கு மனம் நோகுமெல்லே."

"நோகும்தான்."

ஞாயிறு விடிந்தது. தேவாலயம் தோரணத்தாலும் வாழையாலும் பொலிந்தது. வாசலிலே இராசம்மா வெள்ளைச் சேலையோடு நின்றார். பக்கத்தில் இந்த ஆண்டுக்குரிய காணிக்கையாக ஓர் ஓலை உமல் இருந்தது. ஜெபரட்ணம் பெரிய வேதத்தை அவர் கைகளில் வைத்தார். உள்ளே சபையார் எழுந்து நின்றார்கள். இராசம்மா முகத்தைத் தாழ்த்தினார். கன்னம் அட்டையிற் பதிந்தது.

உலகம் அசையாமல் நின்றது. காகமும் கரையவில்லை. பூனையை வென்ற வீரர், எழுபத்துமூன்று வயது மூக்கு ஒன்றின் முன்னே மூச்சடக்கி நின்றார். ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நின்றது. மீண்டும் ஒன்று, இன்னும் மெல்லியதாக, உள்ளே போயிற்று. இராசம்மாவின் புருவம் மேலே ஏறியது.

"தம்பி, ஆர் இதுக்குச் சாம்பிராணி காட்டினது?"

"குணலட்சுமி, அக்கா."

"நல்ல பிள்ளை. கோப்பியும் மணக்குது." அட்டையை விரலால் ஒருமுறை தடவினார். "அடியிலை சீலா."

ஜெபரட்ணத்தின் தலையிலிருந்து வாகை உதிர்ந்தது. ஆறு நாள் கட்டிய அரண் ஒற்றைச் சொல்லில் சரிந்தது. ஆனால் எங்கள் வீரரின் உண்மையான வீரம் இதோ இந்த இடத்திலேதான். முன் சொன்னவை யாவும் ஒத்திகை. அவர் சால்வையை எடுத்துக் கையில் மடித்தார்.

"உங்கடை கருவாடுதான், அக்கா. அலுமாரிக்கை வைச்சு மறந்துபோனன். நாங்கள் சாப்பிடேல்லை. சட்டியை வழிச்சதெண்டு நான் சொன்னது பொய்."

இராசம்மாவின் முகம் ஒரு பக்கம் சாய்ந்தது. போன ஆண்டு ஏலத்தின்போது சாய்ந்த அதே சாய்வு. அதைப் பார்க்கமாட்டாமல்தான் இத்தனையும் செய்தார். இப்போது தானே அதைக் கொண்டுவந்து, பார்த்துக்கொண்டும் நின்றார். உள்ளே போதகர் ஒருதரம் இருமினார்.

"பொய் எனக்குத் தெரியாது, தம்பி," என்றார் இராசம்மா கடைசியில். "உண்மையாத்தான் நம்பினனான். ஆனா ஏலம் எனக்குத் தெரியும். கண்தானே போனது, காது இருக்கு. தேவராசா மூண்டுதரம் கேட்டவர். ஒரு குரல்தான் வந்தது." புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து இடம் சரிசெய்துகொண்டார். "அந்த ஒரு குரலோடைதான் நான் வருசம் முழுக்க இருந்தனான். வாரும், பாட்டுத் துவங்கப்போறாங்கள்."

அவர் நடந்தார், முழங்கையைப் பிடித்து ஜெபரட்ணம் நடந்தார், இருவர் நடுவிலும் பெரிய வேதம், தாளும் கரியும் கோப்பியும் சாம்பிராணியும் அடியிலே சிறிது சீலாவுமாக நறுமணம் கமழப் பீடத்தை நோக்கிச் சென்றது. போதகர் அதை வாங்கித் திறந்து, ஒரு கணம் ஆழ மூச்செடுத்து, ஏனென்று தெரியாமல் மிகுந்த பசியோடு வாசிக்கத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்தது. முற்றத்தில் ஏலம். அயலாரும் காய்கறிக்காக வந்து கூடியிருந்தார்கள். வாழைக்குலை ஒன்றுக்காகக் குணலட்சுமியும் வந்திருந்தாள். பூசணிகள் போயின, வெங்காயம் போயிற்று. தேவராசா ஓலை உமலை உயர்த்தினார். மீண்டும் அந்த மௌனம் முற்றத்தின்மேல் இறங்கியது. முன்வாங்கில் இராசம்மா மடியிலே கைகோத்திருந்தார்.

"எனக்கு," என்றது ஒரு குரல், பெண்கள் பக்கமிருந்து.

"எனக்கு," என்றது ஆண்கள் பக்கமிருந்து இன்னொன்று, அதே நொடியில்.

முதற் குரல் ஜொய்சியுடையது. கருவாட்டைப் படலைக்குள் எடுக்காத ஜொய்சி! இரண்டாவது ஜெபரட்ணத்துடையது. ஒருவர் கேட்பது மற்றவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின்னும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரு சிங்கங்கள் ஒரே குகைக்காகக் கர்ச்சிப்பதுபோல் அவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"உந்தச் சண்டையை வீட்டை போய்ப் பிடியுங்கோ, ரெண்டுபேரும்," என்றார் தேவராசா.

சிரிப்பு எழுந்தது. சிரிப்பின் நடுவே, காலையிலிருந்து காரணமறியாப் பசியோடு இருந்த போதகர் தாமும் கேட்டார். இத்தனை பேர் கேட்கும் பொருள் சாதாரணமானதாக இருக்க முடியாது என்ற உறுதியோடு, தனக்கு மீன் ஆகாது என்பதையும் மறந்து, குணலட்சுமியும் கை உயர்த்தினாள். எதற்கு என்று பக்கத்தில் நின்றவள் கேட்க, அவள் சற்று யோசித்து, "எங்கடை பூனைக்கு," என்றாள்.

இராசம்மா மடியிலிருந்த ஒரு கையைப் பிரித்தார். பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு குரல், இரண்டு குரல், மூன்று, நான்கு. விரல் முடிந்ததும் கையை மெல்ல மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஓ, முரசுகளே, இப்போது முழங்குங்கள்! உப்பளங்களே, அலைகளே, மாதகல் கடற்கரையில் காயும் வலைகளே, கேளுங்கள்! வாடையின் ஆட்சி வீழ்ந்தது. வென்றவர் எவரும் அதன் தலையைக் கொய்யவில்லை. அதை வீட்டுக்கு விருந்தாக அழைத்தார்கள்! இறுதி மணி ஒலிக்க, இறுதிக் குரல் எழ, கோடையிடி போன்ற தேவராசாவின் கை உமலின்மேல் வீழ, சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிய செம்மாந்த தளபதி ஜொய்சி, கணவரையும் போதகரையும் ஒரு பூனையின் பிரதிநிதியையும் ஒருங்கே வென்று, மணக்கும் அந்த வெற்றிப்பொருளை மார்போடு அணைத்து, வாகை மாலை அசைய, படலை திறந்து, அடுக்களை புகுந்தாள்.

அன்று மத்தியானம் வைத்த குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.